நான் கேட்டது ஒரு லோடு ஜல்லி

அன்பு மகனுக்கு அம்மா எழுதுவது. நீயும் மருமகளும் என் பேத்தியும் நோய்நொடி இல்லாமல் இருக்க வேண்டும் என்று தினமும் காலையில் வேண்டிக்கொள்கிறேன், அந்த வேண்டுதலில் மட்டும் கோபம் கலக்கவில்லை. இங்கே நாங்களும் நலம் என்று அடுத்த வரியை எழுதப் பார்த்தேன், கை போகமாட்டேன் என்கிறது. நலம் இல்லை. வாராவாரம் ஞாயிற்றுக்கிழமை முகத்தைப் பார்த்துப் பேசுகிறோமே, கடிதம் எதற்கு என்று நினைப்பாய். போனில் என்னை எங்கே பேச விடுகிறார் உன் அப்பா. நீ கூப்பிட்டதும் ஸ்பீக்கரில் போடு என்பார், நாற்காலியை என் பக்கத்தில் இழுத்துப் போட்டு உட்காருவார், நான் கொல்லைப்புறம் என்று ஆரம்பித்தால் மேசைக்கு அடியில் என் காலை மிதிப்பார். கையில் மாவுக்கட்டு போட்ட மனுஷனுக்குக் காலில் அவ்வளவு பலம் எங்கிருந்து வருகிறதோ. செய்தியாக எழுதி அனுப்பலாம் என்றால் வீட்டில் இருப்பது ஒரே போன், அதை என்னைவிட அதிகம் நோண்டுகிறவர் அவர்தான். அதனால்தான் பழையபடி பேனாவும் தாளும். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு மாத்திரை போட்டுத் தூங்குகிறார், எழுந்திருப்பதற்குள் எழுதி முடித்துப் பக்கத்து வீட்டுத் தையல்காரியிடம் கொடுத்துவிடுவேன், அவள் தபாலில் போட்டுவிடுவாள். எழுத்து கோணலாக இருந்தால் கோபத்தில் எழுதியது என்று எடுத்துக்கொள், கண்ணாடி மாற்றச் சொல்லி உடனே ஆள் அனுப்பிவிடாதே.

முதலில் விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன், அப்புறம் திட்டுகிறேன். அப்பா பாத்ரூமில் விழவில்லை. நீ போட்டுக்கொடுத்த கொல்லைப்புறத்துப் பளபளப்பு டைல்ஸில் வழுக்கி விழுந்தார். மணிக்கட்டு முறிந்தது அங்கேதான், இடுப்பு கருநீலமாகக் கன்றிப்போனதும் அங்கேதான். பாத்ரூம் என்பது அவருடைய கண்டுபிடிப்பு. ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரேக்குக் காத்திருக்கும்போதே வலியில் பல்லைக் கடித்துக்கொண்டு, "பையன்கிட்ட பாத்ரூம்னு சொல்லிடு, டைல்ஸ்னு தெரிஞ்சா அவன் மனசு ஒடைஞ்சு போயிடும்" என்றார். கை உடைந்தது இவருக்கு, மனசு உடையுமாம் உனக்கு. அடிபட்டு உட்கார்ந்திருக்கிறவரிடம் சண்டை போடக்கூடாது என்று நானும் சும்மா இருந்தேன். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தாயிற்று. பலன் என்ன தெரியுமா, நீ பாத்ரூமுக்குச் சாமான் அனுப்ப ஆரம்பித்தாய். வழுக்காத பாய் வந்தது, உட்கார்ந்து குளிக்க ஸ்டூல் வந்தது, சுவரில் மாட்டுகிற கைப்பிடி வந்தது, அது போதாது என்று இன்னும் நீளமான கைப்பிடி வந்தது, அதை மாட்டுவதற்குத் துளைபோடுகிற ஆளும் வந்தான். இப்போது நம் பாத்ரூமில் ஒரு குரங்குக் குடும்பத்தைக் குடிவைக்கலாம், தொங்கி விளையாட எல்லா வசதியும் இருக்கிறது. விழாத இடத்துக்கு இத்தனை காவல். விழுந்த இடம் மட்டும் அப்படியே மின்னிக்கொண்டு கிடந்தது.

இதெல்லாம் எங்கே ஆரம்பித்தது என்று உனக்கு நினைவிருக்கிறதா, எனக்கு நன்றாக இருக்கிறது. போன மழைக்காலத்தில் ஒருநாள் பேச்சோடு பேச்சாக, துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில் சேறாகிவிடுகிறது, கொடியில் துணி போடப் போனால் செருப்பு அங்கேயே நின்றுவிட்டுக் கால் மட்டும் வருகிறது, ஒரு லோடு ஜல்லி கொட்டினால் தேவலை என்றேன். அவ்வளவுதான் நான் சொன்னது. நான் கேட்டது ஒரு லோடு ஜல்லி. களை மண்டியது உண்மைதான், மூலையில் குப்பை சேர்ந்தது உண்மைதான், இல்லை என்று நான் வாதாட வரவில்லை. அதற்கு நீ அனுப்பியது யாரை? வாசலில் ஒரு வேன் வந்து நின்றது, அதிலிருந்து கறுப்புக் கண்ணாடியை நெற்றிக்கு மேல் ஏற்றிவிட்டுக்கொண்டு ஓர் ஆள் இறங்கினார். அவர் இங்கே வேலை பார்த்த காலம் முழுவதும் அந்தக் கண்ணாடி கண்ணுக்கு இறங்கி நான் பார்க்கவில்லை, அதனால் அவருக்குக் கூலிங்கிளாஸ் என்றே பேர் வைத்துவிட்டேன். கையில் ஒரு பலகை மாதிரி கம்ப்யூட்டர், அதில் நம் கொல்லைப்புறம் ஏதோ அரண்மனைத் தோட்டம் போல இருந்தது. இது என்ன, அது எங்கே என்று நான் கேட்கக் கேட்க, "ஆன்ட்டி, சார் எல்லாத்தையும் ஃபைனல் பண்ணிட்டாரு, நீங்க டென்ஷன் ஆகாம உள்ள உக்காந்து டிவி பாருங்க" என்றார். சார் என்றது உன்னை. தினமும் கால் வைத்து நடக்கிறவள் டிவி பார்க்க வேண்டுமாம், வருஷத்துக்கு ஒருமுறை வருவேன் என்று சொல்லி அதையும் தள்ளிப்போடுகிறவன் சாராம். துவைக்கிற கல்லைப் பெயர்த்து வேனில் ஏற்றினார்கள். குழாயடியில் இருந்த புதினாப் பாத்தி போனது. துணிக்கொடி போட்டோவில் நன்றாக இருக்காது என்று கம்பத்தோடு பிடுங்கினார்கள். ஈரத்துணியை எங்கே போடுவாள் உன் அம்மா என்று ஒரு நிமிஷமாவது யோசித்தாயா? பாத்ரூமில் கைப்பிடி வந்த பிறகு அதில்தான் போடுகிறேன், அந்த வகையில் உனக்கு நன்றி.

உன்மேல் எவ்வளவு கோபமோ அதே அளவு கோபம் உன் அப்பாமேலும் இருக்கிறது, அதை மறைக்கவில்லை. அவர் யார் என்று உனக்கு நான் சொல்ல வேண்டுமா? வேலைக்காலம் முழுவதையும் தண்ணீர்க் குழாய் இலாகாவில் மேற்பார்வையாளராக ஓட்டியவர். எந்தத் தெருவில் எந்தப் பக்கம் தண்ணீர் ஓடும், எங்கே தேங்கும், எங்கே குழாய் வெடிக்கும் என்று ரோட்டில் நடந்துகொண்டே சொல்வார், கல்யாண வீட்டுக்குப் போனால்கூடப் பெண் மாப்பிள்ளையைப் பார்ப்பதற்கு முன் சாக்கடை மூடியைப் பார்ப்பார். அப்படிப்பட்டவர், கொத்தனார்கள் நூல் கட்டிய அன்றைக்கே சமையலறைக்கு வந்து என்னிடம் மெதுவாக, "வாட்டம் தப்பா இருக்கு, தண்ணி வீட்டைப் பாத்து வரும்" என்றார். கொல்லைச் சுவரை ஒட்டிப் பள்ளம் வெட்டி வெளியே விட வேண்டிய தண்ணீரை, வேலை மிச்சம் என்று, நம் பின்வாசல் படியோரம் இருக்கிற சமையலறைத் தண்ணீர்க் குழாயிலேயே சேர்க்கப் போகிறார்களாம். பாத்திரம் கழுவிய தண்ணீர் போகிற குழாய் அது, ஒரு கொல்லை நிறைய மழையைக் கொண்டுவந்து அதற்குள் ஊற்றினால் அது என்ன செய்யும்? போய்ச் சொல்லுங்களேன் என்றேன். "நான் சொன்னா வேலை நின்னுடும், பையன் அங்கேர்ந்து பாத்துப் பாத்து கலரெல்லாம் செலக்ட் பண்ணியிருக்கான், ஆசையா செய்யறான், விடு" என்றார். சரி, நானே போனேன். நர்ஸாக இருந்த காலத்தில் ஆஸ்பத்திரி வார்டில் டாக்டர்களையே கை கழுவ வைத்தவள் நான், கூலிங்கிளாஸுக்கா பயப்படுவேன். அந்த ஆள் பலகையைத் திருப்பிக் காட்டினார், நீல நிறத்தில் அம்புக்குறி எல்லாம் அழகாகப் போட்டிருந்தது, "சாஃப்ட்வேர்லயே ஸ்லோப் வந்துடும் ஆன்ட்டி" என்றார். மழைக்கு அந்த சாஃப்ட்வேரைப் பற்றி யாரும் சொல்லவில்லை போலிருக்கிறது.

வேலை முடிந்து அவர்கள் போட்டோ எடுத்த அன்று பார்க்க நன்றாகத்தான் இருந்தது, பொய் சொல்ல மாட்டேன். டைல்ஸ் கண்ணாடி மாதிரி, நடுவில் ஒரு பாய் அளவுக்குப் பிளாஸ்டிக் புல், ஓரத்தில் பேர் தெரியாத செடிகள் வரிசையாக, ராத்திரியானால் தானே எரிகிற விளக்குகள். அதன் பிறகு நடந்ததைக் கேள். பிளாஸ்டிக் புல்லில் வெயில் நேரத்தில் கால் வைத்தால் தோசைக்கல். வெயில் இல்லாத நேரத்தில் தெருவில் உள்ள பூனைகளுக்கு அதுதான் கழிப்பிடம், மண்ணாக இருந்தால் மூடிவிட்டாவது போகும், இதில் மூட வழியில்லாமல் அதுகளும் சுரண்டிச் சுரண்டிப் பார்த்துவிட்டு எங்களை முறைத்துவிட்டுப் போகின்றன. விளக்குக்கு வருகிற பூச்சிக்குப் பயந்து சாயங்காலமே ஜன்னலைச் சாத்திக்கொள்கிறோம். பேர் தெரியாத செடிகள் பேர் தெரிவதற்குள் காய்ந்துவிட்டன. எலுமிச்சை மரத்தின் அடியில் விரலை நுழைக்க இடம் இல்லாமல் சிமென்ட் பூசிவிட்டார்கள், இலையெல்லாம் மஞ்சள் பூத்து, காய் பழுக்குமுன்னே உதிர ஆரம்பித்தது. முதல் பெருமழை வந்தது. நான் பின்கதவைத் திறந்தால் உதிர்ந்த எலுமிச்சை எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக உருண்டு வந்து நம் படியில் முட்டிக்கொண்டு மிதக்கின்றன. உன் அப்பா சொன்ன வாட்டத்தை அந்த எலுமிச்சங்காய்கள் ஒழுங்காகச் செய்து காட்டின. சிங்க் வழியாகக் கொல்லைத் தண்ணீர் குபுகுபுவென்று மேலே வந்தது, சமையலறையில் கணுக்கால் தண்ணீரில் நின்று அடுப்பை அணைத்தேன். படியோரம் நின்ற தண்ணீர் தையல்காரி வீட்டுச் சுவரிலும் இறங்கி, அவள் தைக்க வைத்திருந்த துணிக்கட்டு நனைந்துவிட்டது, சில நாள் அவள் என்னோடு பேசவில்லை. அவள்மேல் தப்பே இல்லை. மழை நின்று வெயில் வந்ததும் படியோரம் பூராவும் பச்சைப் பாசி. பளபளப்பு டைல்ஸ், அதன்மேல் பாசி, அதன்மேல் வயசானவர்கள் இரண்டு பேர், எப்படி இருக்கும் என்று நீயே யோசித்துப் பார்.

இவ்வளவு நடந்தும் உனக்கு ஏன் தெரியவில்லை என்று கேட்பாய். அங்கேதான் என் வயிறு எரிகிறது. ஞாயிற்றுக்கிழமை வந்தால் உன் அப்பா போனைத் தூக்கிக்கொண்டு கொல்லைச் சுவர் ஓரமாகப் போய் நின்றுகொள்வார், அந்த இடம்தான் மேடு, எப்போதும் காய்ந்திருக்கும். அங்கிருந்து போனை ஒரு பக்கமாகப் பிடித்து, "இங்க பாரு, எப்படி மின்னுது" என்று உனக்குக் காட்டுவார். நீ "சூப்பர்ப்பா" என்பாய். என் பேத்தி "தாத்தா, ஹோட்டல் மாதிரி இருக்கு" என்பாள். இவருக்கு முகமெல்லாம் பல். அந்த நேரத்தில் நான் சமையலறையில் துடைப்பத்தால் தண்ணீரைத் தள்ளிக்கொண்டிருப்பேன். நீயும் ஒருநாளாவது, அப்பா அந்தப் பக்கம் திருப்புங்கள், படியைக் காட்டுங்கள் என்று கேட்டதில்லை. நீ பார்க்க நினைத்ததை அவர் காட்டினார், அவர் காட்டியதை நீ பார்த்தாய், இரண்டு பேருக்கும் திருப்தி. பெற்ற மனம் பித்து என்பார்கள், பித்து பிடித்தவரோடு குடித்தனம் நடத்துகிறவள் கதியைப் பற்றி யாரும் பழமொழி சொல்லி வைக்கவில்லை.

விழுந்ததும் ஒரு ஞாயிற்றுக்கிழமைதான். முந்தின நாள் முழுவதும் மழை, காலையிலும் தூறிக்கொண்டிருந்தது. நான் அடுப்படியில் இருந்தேன், பொத்தென்று ஒரு சத்தம், அதைத் தொடர்ந்து ஒன்றும் இல்லை. கத்தியிருந்தால்கூட எனக்கு அவ்வளவு பயம் வந்திருக்காது. ஓடிப்போய்ப் பார்த்தால் படிக்குப் பக்கத்தில் மல்லாந்து கிடக்கிறார், கண் திறந்திருக்கிறது, மழை முகத்தில் விழுகிறது, "ஒண்ணுமில்ல, ஒண்ணுமில்ல" என்கிறார். எத்தனை பேரைத் தூக்கியிருப்பேன் வார்டில், என் புருஷனைத் தூக்க என்னால் முடியவில்லை, எனக்கும் கால் வழுக்குகிறது. தையல்காரி சுவர் மேல் எட்டிப் பார்த்துவிட்டு ஓடிவந்தாள், பேசாமல் இருந்தவள்தான். அந்தத் தூறலில் அவர் எதற்காக வெளியே போனார் என்பதைக் கடைசியில் சொல்கிறேன், இப்போதே சொன்னால் என் கோபம் இறங்கிவிடும், எனக்கு இன்னும் கொஞ்சம் கோபம் தேவைப்படுகிறது.

கை கூடிவிடும், டாக்டரும் அப்படித்தான் சொன்னார். என் கவலை கை இல்லை. விழுந்ததிலிருந்து அவர் பின்வாசல் படியைத் தாண்டவில்லை. காலையும் மாலையும் அந்தக் கொல்லைப்புறத்தில் சுவருக்குச் சுவர் நடந்து சர்க்கரையைக் கட்டுக்குள் வைத்திருந்த மனுஷன். தெருவில் நடக்கலாமே என்பாய், நம் தெருவில் நடைபாதை எங்கே இருக்கிறது, ஸ்கூட்டருக்கும் நாய்க்கும் ஒதுங்கவே இரண்டு கண் போதாது. இப்போது நாற்காலி, கட்டில், மறுபடியும் நாற்காலி. டிவி ஓடும், சத்தம் இருக்காது, ஏன் என்று கேட்டால் "சும்மா" என்பார். பின்கதவு வரைக்கும் வருவார், நிலையைப் பிடித்துக்கொண்டு நிற்பார், ஒரு காலைத் தூக்குவார், திரும்பிப் போய்விடுவார். எலும்பு முறிவு வார்டில் நான் இருந்தவள், சொல்கிறேன் கேள், முறிவால் படுத்தவர்களைவிட மறுபடி விழுந்துவிடுவோமோ என்ற பயத்தால் படுத்தவர்களைத்தான் நான் அதிகம் பார்த்திருக்கிறேன். நடக்காமல் விட்ட கால் பிறகு நடக்கிறேன் என்றாலும் விடாது. அவர் அப்படி ஆகிவிடுவாரோ என்று எனக்குப் பயமாக இருக்கிறது, ராத்திரி அவர் புரண்டு படுத்தால்கூட எழுந்து உட்கார்ந்துவிடுகிறேன். இதை உன்னிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்வேன்.

இந்த லட்சணத்தில் போன வாரம் கூலிங்கிளாஸ் திரும்பவும் வந்து நிற்கிறார். "செகண்ட் ஃபேஸ் ஆன்ட்டி, முன்னாடி வாசல்ல ஒரு ஃபவுண்டன் வருது, சார் ஓகே சொல்லிட்டாரு" என்கிறார். எனக்கு வந்த கோபத்தில், வாங்க தம்பி, முதலில் ஃபர்ஸ்ட் ஃபேஸைப் பாருங்கள் என்று கையைப் பிடிக்காத குறையாகக் கொல்லைப்பக்கம் கூட்டிப்போய், செருப்பைக் கழற்றிவிட்டு அந்தப் படியோரம் நடந்து காட்டுங்கள் என்றேன். பாசியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், "மெயின்டனன்ஸ் சரியா பண்ணலை போலிருக்கே" என்றார். அதோடு விட்டேனா. உன்னிடம் போய் என்ன சொல்லியிருப்பாரோ தெரியாது, நான் சொன்னதில் பாதியைத்தான் எழுத முடியும்: எங்கள் வீட்டுக்குள் ஏற்கெனவே மழை பெய்தால் ஃபவுண்டன் வருகிறது, சமையலறை சிங்க்கில், இன்னொன்று வேண்டாம், வேனை எடுங்கள் என்றேன். அன்றைக்குத்தான் முதல்தடவையாக அந்தக் கறுப்புக் கண்ணாடி கண்ணுக்கு இறங்கியது.

அந்த ஆள் போன கையோடு சுத்தியலை எடுத்தேன். முதலில் எலுமிச்சை மரத்தைச் சுற்றிப் பூசியிருந்த சிமென்ட்டை உடைத்து, ஒரு முழத்துக்கு மண் தெரிகிற மாதிரி செய்தேன். பிளாஸ்டிக் புல்லைச் சுருட்டிச் சுவர் ஓரம் நிறுத்திவிட்டேன், அடியில் இருந்த நாற்றத்தை எழுத இந்தத் தாள் போதாது. தையல்காரி தனக்குத் தெரிந்த ஒரு கொத்தனாரைக் கூட்டிவந்தாள். அவர் வந்து பார்த்துவிட்டு, இதன்மேலேயே வேறு டைல்ஸ் ஒட்டிவிடலாம் என்கிறார், வேலியில் போன ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொண்டவளுக்கு இன்னொரு ஓணான் சிபாரிசு. அதெல்லாம் வேண்டாம், பின்வாசல் படியை ஒட்டி இந்த மூலைக்கும் அந்த மூலைக்கும் டைல்ஸை எடுத்துவிட்டு ஒரு வாய்க்கால் வெட்டுங்கள், ஜல்லி போட்டு நிரப்புங்கள், தண்ணீர் படிக்கு வருவதற்கு முன் அதற்குள் இறங்கிப் பக்கவாட்டில் வெளியே போகட்டும், நடக்கிற இடத்தில் சொரசொரப்பான கல் போடுங்கள் என்றேன். உடைக்கிற சத்தம் கேட்டு உன் அப்பா ஜன்னலுக்கு வந்தார். தடுக்கத்தான் வந்தார் என்று நினைத்து நான் சண்டைக்குத் தயாராக இருந்தேன். கொத்தனார் வாய்க்காலின் அந்த முனையைத் தோண்டிக்கொண்டிருந்தார். ஜன்னலுக்குள்ளிருந்து, "யோவ், அங்க மேடா இருக்கு, இன்னும் ரெண்டு விரக்கடை தாழ்த்து, இல்லன்னா நடுவுலயே நின்னுடும்" என்று ஒரு சத்தம். இலாகாவில் இருந்தபோது போட்ட அதே சத்தம். எனக்குச் சுத்தியல் கையிலேயே நின்றுவிட்டது. கொத்தனார் வாளித் தண்ணீரை ஊற்றிப் பார்த்தார், உன் அப்பா சொன்ன இடத்தில்தான் நின்றது. சிரித்துவிட்டேன், விழுந்த நாளுக்குப் பிறகு அன்றைக்குத்தான் சிரித்தேன்.

இதோடு நன்றாக முடிந்தது என்று எழுத எனக்கும் ஆசைதான். ஆனால் அந்த வாய்க்கால் பாதியில் நிற்கிறது. சாயங்காலம் நிதானத்துக்கு வந்ததும் அவருக்கு நீ நினைவுக்கு வந்துவிட்டாய். "அவன்கிட்ட கேக்காம இதுக்கு மேல ஒரு கல்லைத் தொடக்கூடாது, ஆசையா போட்டுக் குடுத்தான்" என்று கொத்தனாரைத் திருப்பி அனுப்பிவிட்டார். சரி கேளுங்கள் என்றால் கேட்கவும் மாட்டார். ஞாயிற்றுக்கிழமை நீ கூப்பிடுவதற்கு முன், உடைத்த இடத்தின்மேல் பழைய போர்வையைப் போட்டு மூடச் சொன்னார். நீ போனில் பார்த்தது அந்தப் போர்வைதான், துவைத்துக் காயப்போட்டிருக்கிறாள் என்று உனக்குச் சொன்னார். விழுந்ததிலிருந்து வெளியே போகாததால் இந்தத் தடவையும் போனை ஜன்னலிலிருந்தே காட்டினார், நீ சூப்பர் என்றாய்.

இப்போது அந்த ஞாயிற்றுக்கிழமைத் தூறலில் எதற்கு வெளியே போனார் என்று சொல்கிறேன். நீ கூப்பிடுகிற நேரம் நெருங்கிவிட்டது. படியோரம் முழுவதும் தண்ணீர். அதை நீ பார்த்துவிடக்கூடாது என்று, கீழே ரப்பர் வைத்த தள்ளுகட்டையை எடுத்துக்கொண்டு, தண்ணீரைத் தள்ளிவிடப் போனார். உனக்குக் காட்டுவதற்காகத் துடைக்கப் போய்த்தான் விழுந்தார். இதை எனக்கும் சொல்லவில்லை, அவர் விழுந்த இடத்தில் அந்தக் கட்டை கிடந்ததைப் பார்த்து நான் கேட்டு, மூன்று தடவை மழுப்பிவிட்டு, கடைசியில் தலையைக் குனிந்துகொண்டு சொன்னார். பார், சொன்னேன் அல்லவா, கோபம் இறங்கிவிட்டது.

ஆகவே இந்தக் கடிதம் கிடைத்ததும் பதறிப்போய் உடனே போன் பண்ணாதே, டிக்கெட் தேடாதே, யாரையும் அனுப்பாதே, பாத்ரூமுக்கு இனி ஒரு துரும்பும் அனுப்பாதே. மன்னிப்பும் கேட்காதே, கேட்டால் அவர் உன்னைச் சமாதானம் பண்ண இன்னும் நாலு பொய் சொல்வார். வழக்கம்போல ஞாயிற்றுக்கிழமை கூப்பிடு. அவர் போனைத் தூக்கி ஜன்னலுக்குப் போகும்போது, அழகாக இருக்கிறது என்று மட்டும் சொல்லிவிடாதே. அப்பா, தண்ணீர் எங்கே நிற்கிறது, படியைக் காட்டுங்கள், வாட்டம் எந்தப் பக்கம் கொடுத்திருக்க வேண்டும், எனக்குப் புரியவில்லை, கிட்டே போய்க் காட்டுங்கள் என்று கேள். நம்பிக் கேள், நடிக்காதே, உனக்கு உண்மையிலேயே தெரியாது. ஜன்னலில் இருந்து தெரியவில்லை என்று சொல். நான் சொல்லிப் பார்த்தாயிற்று, டாக்டர் சொல்லிப் பார்த்தாயிற்று, யாருக்காகவும் அந்தப் படியை அவர் தாண்டவில்லை. உனக்குக் காட்டத்தான் அன்றைக்கு வெளியே போனார். உனக்குக் காட்டத்தான் மறுபடியும் போவார். பாசியெல்லாம் சுரண்டிக் கழுவி, படியிலிருந்து மரம் வரைக்கும் சாக்கு விரித்து வைத்திருப்பேன், பக்கத்தில் நான் நிற்பேன், சுவருக்கு அந்தப் பக்கம் தையல்காரி நிற்பாள், விழ விடமாட்டோம்.

மருமகளை வேலை வேலை என்று உடம்பைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம் என்று சொல். பேத்திக்கு இருமல் நின்றதா, போனில் மூக்கடைத்த குரல் கேட்டதே. உங்கள் வீட்டிலும் மழை பெய்யும்போது ஒருமுறை வெளியே நின்று தண்ணீர் எங்கே போகிறது என்று பார், அது உன் ரத்தத்தில் இருக்கிற வேலைதான். நீங்கள் மூன்று பேரும் நீண்ட ஆயுளோடும் நிறைந்த மனசோடும் இருக்க வேண்டும், என் ஆசீர்வாதம் எப்போதும் உண்டு, கோபத்தில் கொடுத்தாலும் அது குறையாது. ஞாயிற்றுக்கிழமையை மறந்துவிடாதே.

அப்பாவுக்குத் தெரியாமல் எழுதும்,
அம்மா

பின்குறிப்பு: இந்தத் தடவை போர்வையைப் போட்டு மூட மாட்டேன். அவர் மூடச் சொன்னாலும் காதில் விழாத மாதிரி அதைத் துவைத்துப் பாத்ரூம் கைப்பிடியில் காயப்போட்டிருப்பேன்.